இல்லாத நான்கு சென்டிமீட்டர்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு சரக்கு ரயில் யார்டின் ஆபீசில் பழைய தாள்களைப் பிரித்து, எரிக்க ஒரு கட்டு, வைக்க ஒரு கட்டு என்று போடும் வேலையில் ஒன்பது மாதம் இருந்தேன். சண்டை நடந்த வருஷங்களில் அந்த யார்டிலிருந்துதான் கவச வண்டிகளை ரயிலேற்றி அனுப்பினார்கள். ஒவ்வொரு ரயிலுக்கும் ஒரு ஏற்றுத் திட்டம் உண்டு. ஒரு நீளத் தாள், அதில் வரிசையாகப் பதினான்கு கட்டங்கள். கட்டம் ஒன்றுக்கு ஒரு வேகன். வேகனுக்கு ஒரு வண்டி. கட்டத்துக்குள் வண்டியின் எண், எடை, அகலம்.

அப்படி ஒரு தாளில் இரண்டு கட்டங்கள் மட்டும் அழித்து எழுதப்பட்டிருந்தன. முதல் கட்டத்தில் 31 இருந்திருக்கிறது. அதை அழித்து 44. கடைசிக் கட்டத்தில் இருந்த 44-ஐ அழித்து 31. அந்த 31-க்குக் கீழே அகலம் 3.14 மீட்டர். அதே ரக வண்டிகள் மற்ற பதின்மூன்றுக்கும் 3.10.

தாளோடு குத்தியிருந்த ஓட்டுநர் பட்டியலில் 31-க்கு எதிரே இருந்தவனின் அப்பா பெயரும், திட்டத்தின் அடியில் கையெழுத்துப் போட்ட பெண்ணின் அப்பா பெயரும் ஒன்று.

எரிக்கிற கட்டில் போட வேண்டிய தாள். போடவில்லை. வேலையை விட்டபோது சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்துவிட்டேன். இதற்கு மேல் வரும் எல்லாம் நான் எழுதியது.

2

எங்கே ஆரம்பிப்பது?

"ரயில் புறப்பட ஆறு மணி நேரமே இருந்தது." — வேண்டாம். கடிகாரத்தைக் காட்டிப் பயமுறுத்துகிற வேலை.

"ரப்பரை எடுத்தபோது அவள் கை நடுங்கியது." — பொய். தாள் என்னிடம் இருக்கிறது. அழித்த இடத்தில் ஒரு நார்கூடக் கிளம்பவில்லை. நடுங்காத கை அது.

"போர் என்பது மனிதர்களை எண்களாக்கும் ஒரு" — இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கே வெட்கமாக இருக்கிறது. அப்படியே கிடக்கட்டும்.

வேலையிலிருந்து ஆரம்பிக்கிறேன். வேலை பொய் சொல்லாது.

யார்டின் கோடியில் தண்டவாளம் ஒரு சிமெண்டு மேட்டில் முட்டி நிற்கும். வண்டிகள் அந்த மேட்டில் ஏறி, கடைசி வேகன் வழியாக நுழைந்து, வேகனுக்கு வேகன் போட்ட இரும்புப் பலகைகளைத் தாண்டி, இஞ்சின் பக்கம்வரை ஓட வேண்டும். முதலில் ஏறுவது முதல் வேகனுக்குப் போகும். கடைசியில் ஏறுவது மேட்டுக்குப் பக்கத்திலேயே நின்றுவிடும். பிறகு சக்கரப் பட்டைக்கு முன்னும் பின்னும் கட்டை அடித்து, நான்கு மூலைக்கும் சங்கிலி போட்டு முறுக்குவார்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் வால் பக்கம் கார்டு பெட்டியை மாட்டுவார்கள்.

இறங்குவதுதான் விஷயம். போய்ச் சேரும் ஸ்டேஷனில் இறங்கும் மேடு ரயிலின் முன்பக்கம் இருந்தால் ரயில் ஒரு குழாய். முதலில் போனது முதலில் வெளியே வரும். மேடு வால் பக்கம் இருந்தால் ரயில் ஒரு பை. கடைசியில் போட்டதுதான் முதலில் கைக்கு வரும்.

முதலில் இறங்குகிற வண்டி சும்மா நிற்க முடியாது. அது தனியாக ஸ்டேஷனை விட்டுப் போய் ரோட்டு முனையில் காவல் நிற்க வேண்டும், மற்ற பதின்மூன்றும் இறங்கும்வரை. ஐந்து மணி நேரம். அதுவரை போன இருபத்தாறு ரயில்களில், அப்படி நின்ற வண்டிகளில் ஏழு திரும்பி வரவில்லை. யார்டில் முதல் வேகனுக்கு "மாப்பிள்ளை வேகன்" என்று பெயர் வைத்திருந்தார்கள். சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள்.

ரயில் எங்கே போகிறது என்பது திட்டம் போடுகிறவர்களுக்குத் தெரியாது. தாளில் ஒரு குறியீடு மட்டும். ஆனால் அவளுக்குத் தெரியும். திரும்பி வரும் கார்டுகள் டீ குடிக்கும்போது பேசுவார்கள். இருபத்தாறு ரயிலும் ஒரே ஸ்டேஷன். இருபத்தாறும் குழாய்.

3

அவளை யார்டில் "பிளான் அக்கா" என்பார்கள். ராணுவத்தில் இல்லை, ரயில்வே சம்பளம். நாற்பதைத் தொட்டவள். இரண்டு அறை குவார்ட்டர்ஸில் அம்மாவோடு இருந்தாள். தம்பி, கவச வண்டி ஓட்டுநர், முகாமிலிருந்து மாதம் ஒரு முறை வருவான். வந்தால் துணியைத் துவைக்கப் போட்டுவிட்டுத் தூங்குவான்.

கேப்டன் கொடுத்த பட்டியல் எண் வரிசையில் இருந்தது. 31 முதல் 44 வரை. 31 தம்பியுடையது. எண் சின்னது, அதனால் முதல் வேகன். யாரும் அவனைத் தேர்ந்தெடுக்கவில்லை.

அன்று காலை அவள் செருப்பைப் போடும்போது அம்மா கேட்டாள்.

"அவன் வண்டியும் இதுலதானே போகுது?"

"உனக்கு யாரு சொன்னது?"

"யாராவது சொல்லணுமா? நாலு நாளா நீ என் முகத்தப் பாத்துப் பேசல."

"போகுது."

"எத்தனாவது?"

"அம்மா, அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாது."

"நான் வெளியவா நிக்கிறேன்? அடுப்பு முன்னாடி நிக்கிறேன்." கொஞ்ச நேரம் பாத்திரச் சத்தம். "பேப்பர் உன் கையிலதானே இருக்கு?"

"என் கையில இருந்தா? இது என்ன நம்ம வீட்டுச் சாப்பாட்டுப் பந்தியா, நம்ம ஆளுக்கு ஒரு கரண்டி கூடப் போட?"

"நான் ஒண்ணும் சொல்லல. பேப்பர் யார் கையிலன்னுதான் கேட்டேன்."

[இந்த அம்மாவை நான்தான் கொண்டுவந்தேன். தாளில் அம்மா கிடையாது. உயிரோடு இருந்தாளா என்றுகூடத் தெரியாது. பிளான் அக்கா தானாகவே அழித்தாள் என்று எழுத முதலில் எனக்கு மனசு வரவில்லை; பழியில் பாதியைத் தூக்க ஒரு ஆள் தேவைப்பட்டது. அம்மாக்கள் அதற்கு வசதி. இப்போது இந்தப் பேச்சு முழுவதையும் நீக்கிவிட்டுப் படித்துப் பாருங்கள். கதை ஒரு இடத்திலும் தடுக்காது. எனக்குச் சங்கடமே அதுதான்.]

4

வண்டியின் அகலத்தை எப்படி அளப்பார்கள்? பார்த்தால் சின்ன வேலை. இரண்டு பக்கமும் அதிகம் துருத்தி நிற்கும் இடத்திலிருந்து ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட வேண்டும். குண்டு ஆடி நிற்கும்வரை காத்திருந்து, தரையில் இரண்டு புள்ளி வைத்து, புள்ளிக்குப் புள்ளி டேப் பிடிக்க வேண்டும். வழியில் சுரங்கம், பாலம், சிக்னல் கம்பம் எல்லாம் இருக்கிறது. மூன்று மீட்டர் பதினைந்தைத் தாண்டினால் ரயில் போகாது. பன்னிரண்டைத் தாண்டினால் போகலாம், ஆனால் அந்த வண்டி கார்டின் கண்ணுக்கு எதிரே இருக்க வேண்டும். அதாவது கடைசி வேகன்.

இந்த விதி அவளுக்கு மனப்பாடம். கேப்டனுக்கு இப்படி ஒரு விதி இருக்கிறது என்பது மட்டும் தெரியும்.

31-ஐ அளந்தாள். 3.10. இரண்டாவது தடவையும் அளந்தாள். எதற்கு என்று எனக்குப் புரியவில்லை; ஒருவேளை உண்மையாகவே நான்கு சென்டிமீட்டர் கிடைத்துவிடாதா என்று பார்த்திருக்கலாம். 3.10-தான். ஆபீசுக்குப் போய் 3.14 என்று எழுதினாள்.

கேப்டன் தாளைப் பார்த்தார். "எல்லாம் ஒரே வண்டிதானேம்மா. இது மட்டும் எப்படி நாலு கூட?"

"பக்கத் தகடு வளைஞ்சிருக்கு சார். எங்கயோ இடிச்சிருக்காங்க."

"இடிக்காம இருந்தாத்தான் ஆச்சரியம். அப்ப?"

"கடைசிக்குப் போகணும் சார். கடைசியில இருக்கிறதை முன்னாடி கொண்டுபோயிடலாம். மத்த பன்னெண்டையும் தொட வேணாம்."

"சரி போடு."

அவ்வளவுதான். கேப்டன் கையெழுத்து போட்டபோது வெளியே இஞ்சின் வந்து நின்ற சத்தம் கேட்டது என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். சத்தம் எதுவும் வேண்டாம். இது மாதிரிக் காரியங்கள் சத்தமில்லாமல்தான் நடக்கும்.

* ஒரு வண்டிக்குள் மூன்று பேர் இருப்பார்கள். ஓட்டுநரைத் தவிர மற்ற இருவரை நான் கதையில் சேர்க்கவில்லை; கூட்டம் சேர்ந்தால் உங்களுக்குக் குழம்பும். அவளும் அவர்களைக் கணக்கில் சேர்த்திருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன். அவளுக்கு வேறு காரணம்.

5

44-இன் ஓட்டுநருக்கு நெட்டை என்று பேர். வண்டிக்குள் உட்கார்ந்தால் முட்டி தாடையில் இடிக்கும் உயரம். தம்பியும் அவனும் ஒரே நாளில் பயிற்சிக்குச் சேர்ந்தவர்கள்.

[நெட்டைக்கு முதலில் ஒரு பெண் குழந்தை வைத்தேன். பிறகு எடுத்துவிட்டேன். குழந்தை இருப்பதால்தான் அவன் முன்னால் போகக் கூடாது என்றால், குழந்தை இல்லாதவன் போனால் பரவாயில்லை என்று ஆகிவிடும். நெட்டைக்கு யாரும் இல்லை என்றும் எழுத மாட்டேன். அவன் நெட்டை. அது போதும்.]

ஏற்றுவதற்கு முன் எல்லாரையும் நிறுத்தி வரிசையை வாசித்தார்கள். முதல் வேகன், 44.

"என்னது?" என்றான் நெட்டை. "மாப்பிள்ளை நானா? நேத்துவரைக்கும் வாலுல இருந்தேன். பாருடா, உழைப்பால உயர்ந்தவன்."

நாலு பேர் சிரித்தார்கள்.

"யோவ், சீக்கிரம் இறங்கினா சீக்கிரம் கால நீட்டலாம்யா. நான் அஞ்சு மணி நேரம் அந்த டப்பாக்குள்ள மடிஞ்சு கெடந்தா அப்புறம் என்னை இஸ்திரி போட்டுத்தான் எடுக்கணும்." பிறகு தம்பி பக்கம் திரும்பினான். "நீ என்னடா கடைசிக்குப் போயிட்ட? எடை போட்டுட்டியா? அக்கா கை நல்லா தாராளமா பரிமாறுது போல."

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். நெட்டைக்குப் பட்டென்று பேசத் தெரியும், குத்திப் பேசத் தெரியாது. ஆனால் இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

தம்பி நேராக ஆபீசுக்கு வந்தான்.

"31 எத்தனை அகலம்?"

"மூணு பதினாலு. தகடு வளைஞ்சிருக்கு."

"எந்தத் தகடு?"

"இடது பக்கம்."

"அந்த டேப்பைக் குடு."

"டேய், அளந்தாச்சுடா. கேப்டன் கையெழுத்து போட்டாச்சு."

"குடுக்கா."

கொடுத்தாள். கொடுக்காமல் இருந்திருக்கலாம். அவன் போய்க் குண்டைத் தொங்கவிட்டு அளப்பதை அவள் ஜன்னலிலிருந்து பார்த்தாள். குண்டு நிற்பதற்குள் பிடித்துவிடுவான் என்று நினைத்தாள். சின்ன வயதிலிருந்தே பொறுமை கிடையாது. அவன் காத்திருந்தான். ஒழுங்காக அளந்தான். திரும்பி வந்து டேப்பை மேசைமேல் வைத்தான்.

"நெட்டைகிட்ட நான் என்ன சொல்றது?"

"ஒண்ணும் சொல்ல வேணாம்."

"மாத்துக்கா. அழிச்ச கைதானே, இன்னொரு தடவை அழி."

"இப்ப மாத்தினா ஏன்னு கேப்பாங்க. தப்பா அளந்தேன்னு சொன்னா மறுபடி எல்லாத்தையும் அளக்கச் சொல்வாங்க. வேணும்னு எழுதினேன்னு தெரிஞ்சா என்னை உள்ள வைப்பாங்க. அம்மாவ யாரு பாப்பா? நீயா?"

"அப்ப எனக்கு ரெண்டு வழிதான் விட்டுவச்சிருக்க. ஒண்ணு உன்னைக் காட்டிக் குடுக்கணும். இல்ல அவனை."

"நான் உன்னை விட்டுவச்சிருக்கேன்டா. அது போதும் எனக்கு."

அவன் திரும்பி நடந்தான். வெளியே போகும்போது கதவைச் சாத்தக்கூட இல்லை.

ஏற்றுவதில் ஒரு விதி இருக்கிறது. கை காட்டி வழி சொல்கிறவன் வண்டி நிற்கும் வேகனில் நிற்கக் கூடாது. ஒரு வேகன் தள்ளி நிற்க வேண்டும். ஒரு தப்புத் திருப்பம், ஆள் நசுங்கிவிடுவான். 44 முதலில் ஏறியபோது நெட்டைக்குக் கை காட்டியது தம்பி. அவனே கேட்டு வாங்கிக்கொண்டான். பதின்மூன்று பலகைகளையும் தாண்டி இஞ்சின்வரை ஒரு வேகன் முன்னாலேயே நடந்து, நிறுத்தி, கட்டை அடிக்கிறவர்களோடு சேர்ந்து சங்கிலியையும் அவனே முறுக்கினான். நெட்டை தலையை வெளியே நீட்டி, "என்னடா இன்னைக்கு இவ்வளவு பாசம்? கடன் எதுவும் கேக்கப் போறியா?" என்றான்.

"பேசாம உக்காரு" என்றான் தம்பி.

6

நான்காம் நாள் காலி வேகன்கள் திரும்பி வந்தன. கார்டு டீ குடிக்க வந்தார். வயசானவர், எதையும் இரண்டு தடவை சொல்கிற பழக்கம்.

"இந்தத் தடவை பெரிய ரோதனையாப் போச்சும்மா. பெரிய ரோதனை. வழக்கமான ஸ்டேஷன்ல மேட்டை உடைச்சுட்டாங்களாம். பாதி வழியில தந்தி. வேற லைன்ல திருப்பி விட்டாங்க."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"வேற லைன்னா?"

"ஏதோ சின்ன ஸ்டேஷன். சின்ன ஸ்டேஷன். மேடு என் பொட்டி பக்கம் இருந்துச்சு. பொட்டியக் கழட்டிட்டு, வண்டிகளைப் பின்னாலயே ஓட்டி இறக்க ஆரம்பிச்சாங்க. பசங்க பாவம், கழுத்து திரும்பிப் போச்சு."

"முதல்ல எது இறங்குச்சு?"

"எது இறங்கும்? பக்கத்துல நிக்கிறதுதான். கடைசி வேகன்."

"அப்ப ரோட்டு முனைக்குப் போனது—"

"அதுவேதான். முதல்ல இறங்குறதுதானே போகணும். நம்ம பையன்தான். வண்டிய ஒடிச்சு வெளிய கொண்டுபோனான் பாரு, சுத்தமா. கை காட்டவே வேணாம்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, மத்தது இறங்கறதுக்குள்ளயே இஞ்சினை அங்க நின்ன வேற காலி வேகன்கள்ல மாட்டி எங்களைப் போகச் சொல்லிட்டாங்க. காலி வேகன் அங்க நிக்கக் கூடாதாம்."

இந்த இடத்தில் அவள் அழுதாள் என்று ஒரு பிரதியில் இருக்கிறது. இன்னொன்றில் சிரித்தாள். இரண்டையும் நம்ப முடியவில்லை. அவள் திட்டம் போடுகிறவள். அவள் மனசில் அந்தப் பதினான்கு கட்டங்களையும் வால் பக்கத்திலிருந்து ஒரு தடவை எண்ணியிருப்பாள். பட்டியலை எண் வரிசையிலேயே விட்டிருந்தால் 31 கடைசியில் இறங்கியிருக்கும். நேற்று வேலைக்குச் சேர்ந்த ஒருத்தி, குழாயும் தெரியாமல் பையும் தெரியாமல், தாளைத் தொடாமல் விட்டிருப்பாள். இருபத்தாறு ரயிலின் விவரம் தெரிந்தவளால் மட்டுமே செய்ய முடிந்த தப்பு இது.

கார்டு சொன்னதை நான் இட்டுக்கட்டவில்லை. அவர் பேச்சைத்தான் கட்டினேன். "மேடு வால் பக்கம், இறக்கம் கடைசி வேகனிலிருந்து" என்று ஒரு வரி அந்த ரயிலின் கார்டு அறிக்கையில் இருக்கிறது.

7

இனி முடிவு. மூன்று எழுதினேன்.

ஒன்று. ரோட்டு முனையில் மூன்றாவது மணி நேரத்தில் 31 எரிகிறது. எழுதி முடித்துப் படித்தபோது, "தன் வினை தன்னைச் சுடும்" என்று தலையாட்டும் முகங்கள் எனக்குத் தெரிந்தன. அக்காவின் வினை தம்பியைச் சுட்டால் அதில் என்ன நியாயம்? அதுவும் வேண்டாம் என்று சொன்ன தம்பியை? கிழித்துவிட்டேன்.

இரண்டு. ரோட்டில் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் ரயில் நிற்பது எங்கிருந்தோ தெரிந்துவிடுகிறது. கடைசியாக இறங்க வேண்டிய 44, சங்கிலி அவிழ்க்காமல் இஞ்சின் பக்கம் நிற்கும்போது குண்டு விழுகிறது. தம்பி கையால் முறுக்கிய சங்கிலி. அவள் மாற்றியிருக்காவிட்டால் நெட்டை முதலிலேயே இறங்கிப் போயிருப்பான். அதாவது, தம்பிக்குப் பதில் நெட்டை என்று அவள் நினைத்தது நடந்துவிட்டது, அவள் நினைத்த வழியில் இல்லை. இதை எழுதும்போது என் கை ரொம்ப லாவகமாக ஓடியது. அதனாலேயே சந்தேகம் வந்தது.

மூன்று. இரண்டு பேரும் திரும்பி வருகிறார்கள். தம்பி வீட்டுக்கு வந்து துணியைப் போட்டுவிட்டுச் சாப்பிட உட்காருகிறான்.

"அக்காகிட்ட ஒரு வார்த்தை பேசுடா" என்கிறாள் அம்மா.

"பேசிட்டுத்தான் இருக்கேன்."

"எங்க பேசற?"

"சாதம் கேட்டேனே."

இது எனக்குப் பிடித்த முடிவு. அவன் இனி அவளிடம் சாதம் மட்டும்தான் கேட்பான், வாழ்நாள் முழுக்க. அதற்கே அவள் கையெடுத்துக் கும்பிட்டிருப்பாள். ஆனால் எனக்குப் பிடிக்கிறது என்பதற்காக இரண்டு பேரைப் பிழைக்க வைக்க எனக்கு உரிமை இருக்கிறதா? அவளுக்கும் இப்படித்தானே ஒன்று பிடித்திருந்தது.

உண்மையில் என்ன நடந்தது என்று ஆபீசில் தேடினேன். யார்டில் போனதற்குத்தான் தாள் உண்டு. திரும்பாததற்கு இல்லை.

8

ஒன்று மட்டும் கிடைத்தது. அந்த ரயிலுக்குப் பிறகு அதே கையெழுத்தில் முப்பத்தொரு திட்டங்கள் இருக்கின்றன. சண்டை முடியும்வரை. அத்தனையிலும் வண்டிகள் எண் வரிசையில். எந்த வண்டியும் அதன்பின் ஒரு மில்லிமீட்டர்கூட அகலம் கூடவில்லை. அவளுக்கு வந்த சேதி நல்லதா கெட்டதா என்பதை இதிலிருந்து சொல்ல முடியாது. இனிமேல் நான் யாரையும் எங்கேயும் வைக்க மாட்டேன் என்று ஒருத்தி முடிவு செய்துவிட்டாள் என்று மட்டும் தெரிகிறது. அப்படி வைக்காமல் விட்டதிலும் முப்பத்தொரு ஓட்டுநர்கள், எண் சின்னதாக இருந்த ஒரே காரணத்துக்காக, மாப்பிள்ளை வேகனில் போனார்கள். ஒவ்வொருத்தனும் யாரோ ஒருத்திக்குத் தம்பிதான். அவளுக்கு இல்லை.

முடிவை நான் எழுதப் போவதில்லை. மூன்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது நாலாவதாக நீங்களே ஒன்று எழுதிக்கொள்ளுங்கள். ஒரே நிபந்தனை, ரோட்டு முனையில் ஒரு வண்டி நின்றாக வேண்டும். ஒருத்தரையும் நிறுத்தாத முடிவு இருக்கிறதா என்று நானும் பார்த்துவிட்டேன்; ரயிலிலிருந்து ஒரு வண்டியும் இறங்காது.

யாரை நிறுத்தினீர்கள் என்று எனக்குச் சொல்ல வேண்டாம். உங்கள் வீட்டுப் பிள்ளையை நிறுத்தியிருக்க மாட்டீர்கள்.